தண்ணீர் நன்றாகவே பீய்ச்சுகிறது, ஆனாலும் எஞ்சின் கொதிக்கிறது

நண்டுவலை (மல்லிப்பட்டினம்):

அப்பாவும் நானும் சிறிய பைபர் படகில் நண்டு வலை போடுகிறோம். 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், இரண்டு ஸ்ட்ரோக், பெட்ரோல். பழையதாக வாங்கி நான்கு வருடம் ஆகிறது.

போன வியாழன் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். மனோரா கோபுரம் கண்ணுக்கு மறையும் முன்பே வேகம் தானாகக் குறைந்தது. மூடியைத் தூக்கினால் பெயின்ட் கருகும் வாடை. சிலிண்டர் தலையில் நான்கு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்று ஆவியாகிவிட்டது. நங்கூரம் போட்டு ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாகக் கரைக்கு வந்தோம். முதல் நாள் போட்ட வலை கடலிலேயே கிடந்தது. மறுநாள் எடுத்தபோது பாதி நண்டு செத்துப்போயிருந்தது.

பட்டறையில் கொடுத்து இம்பெல்லர் (கடல் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் சக்கரம்) மாற்றினேன். பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. பாதி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றுமில்லை. முழு வேகத்தில் பதினைந்து நிமிடம்தான். பின்னால் பீய்ச்சும் தண்ணீர் பென்சில் கனத்துக்கு வருகிறது, ஆனால் கை வைக்க முடியாத சூடு. எஞ்சினின் ஆயுள் முடிந்துவிட்டது என்கிறார் அப்பா. புதிது வாங்க எங்களிடம் பணம் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் கரை:

தம்பி, உங்கள் பக்கம் கடற்புல் அதிகம். ஆவுளியாவுக்காக (கடற்பசு) 2022இல் காப்பகம் அறிவித்தார்களே, அது அந்தப் புல்லை நம்பித்தான். கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் புல் ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் சூடாகும். எஞ்சினை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள், பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தாலும் தெரிந்துவிடும். எதுவும் இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிடுங்கள். இங்கே பலர் அது இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள்.

பழைய ஸ்பேனர் (நாகப்பட்டினம்):

முப்பது வருடமாக இந்த எஞ்சின்களோடு இருப்பவன் என்பதால் சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டை எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது. மெதுவாக ஓட்டும்போது பிளக்கில் எண்ணெய்க் கரி படியும். அதைவிட முக்கியம், நோய் எங்கே என்பதே மறைந்துபோகும்.

தம்பி, பழைய இம்பெல்லரை வைத்திருக்கிறீர்களா? அதன் இறகுகளை எண்ணினீர்களா? உடைந்த இறகுகள் காணாமல் போவதில்லை. தண்ணீரோடு மேலே ஏறி, குழாயின் வளைவிலோ எஞ்சினுக்குள்ளோ சிக்கிக்கொள்ளும். பட்டறையில் புதிய இம்பெல்லரைப் போட்டுவிட்டு, பழைய துண்டுகளைத் தேடாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பீய்ச்சும் தண்ணீரைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பம்பு வேலை செய்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம். பல எஞ்சின்களில் சிலிண்டர் தலையைச் சுற்றிவரும் முன்பே அந்தத் தண்ணீர் பிரிந்து வெளியே வந்துவிடும். வெதுவெதுப்பாக வந்தால் சரி. கை வைக்க முடியவில்லை என்றால் உள்ளே ஓடும் தண்ணீர் போதவில்லை. நீர்க்குமிழ்களோடு விட்டுவிட்டு வருகிறதா என்றும் பாருங்கள். அப்படி வந்தால் தலை மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பழுதாகிப் புகை தண்ணீருக்குள் நுழைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கப் பட்டறை வேண்டாம். அதன் வாயில் ஒரு நூலைக் கவ்வவைத்து, நூலில் தொங்கவிட்டபடி பாத்திரத் தண்ணீரில் இறக்கி அடுப்பைப் பற்றவையுங்கள். வாய் திறந்ததும் நூலை விட்டுவிட்டு அடியில் விழும். எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். தண்ணீர் கொதித்தும் விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

தலை மூடியைத் திறக்கும்போது அவசரம் வேண்டாம். உப்பு இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் பாதியில் முறியும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். மூடும்போது நடுவிலிருந்து தொடங்கி, வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

நண்டுவலை:

ஐயா, பட்டறைக்குப் போய்க் கேட்டேன். பழையது குப்பைத் தொட்டியிலேயே கிடந்தது. ஆறு இறகில் நான்குதான் இருந்தன. அடிப்பகுதியைக் கழற்றியதும், தண்ணீர் மேலேறும் செம்புக் குழாயின் உச்சியில் ஒரு துண்டு குறுக்கே நின்றது. இன்னொன்று குழாயில் இல்லை. சொன்னபடி போல்ட்டுகளை ஊறவைத்து மறுநாள் தலை மூடியைத் திறந்தேன். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, உப்பும் சுண்ணாம்பும் இறுகிய வழியில், புளியங்கொட்டை அளவில் இருந்தது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தெர்மோஸ்டாட் நூலை விட்டுவிட்டது, நன்றாக இருக்கிறது. படிந்த சுண்ணாம்பை எதை வைத்துச் சுரண்டலாம்?

பழைய ஸ்பேனர்:

மரக்குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம், அலுமினியம் கீறிவிடும். கீறிய இடத்தில் உப்பு அரிக்கத் தொடங்கும். பம்பின் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ஆழமில்லாத கடலில் மணலை உறிஞ்சி உறிஞ்சி அங்கே கோடு விழும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதிய இம்பெல்லரும் சரியாகத் தள்ளாது.

பாம்பன் கரை:

தம்பி, எண்ணெய்க் கலவையையும் பாருங்கள். புத்தகத்தில் 50க்கு 1 என்று இருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. எண்ணெயில் மிச்சம் பிடித்தாலும் எஞ்சின் சூடாகும். தெர்மோஸ்டாட் பற்றி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நானும் என்னுடையதில் திரும்பப் போட்டுவிடுகிறேன்.

நண்டுவலை:

கிண்ணத்தில் கோடு இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். நேற்று நாற்பது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினோம். பீய்ச்சும் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே இருக்க முடிந்தது. தலையில் தண்ணீர் தெளித்தேன், சொட்டுகள் அப்படியே நின்றன. வலையை நேரத்தோடு எடுத்தோம், நண்டு உயிரோடு கரைக்கு வந்தது. ஐயாவுக்கு அப்பா வணக்கம் சொல்லச் சொன்னார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவ எங்களிடம் குழாய் வசதி இல்லை. டிரம்மில் செய்யலாமா?

பழைய ஸ்பேனர்:

தாராளமாக. 200 லிட்டர் டிரம் போதும். உறிஞ்சும் சல்லடையும் அதற்கு மேலே இருக்கும் பம்பும் முழுவதும் மூழ்கும்வரை தண்ணீர் நிரப்புங்கள். கியர் போடாமல் மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிடம். தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள், ரப்பர் காய்ந்து உரசி அங்கேயே கிழியும். அப்பாவுக்கு என் வணக்கம்.