பெயர் யார் பேரில் இருக்கிறது? – டொமைன் துறையில் பார்த்தவை, பழகியவர்கள்

மயிலைவாசி (தொடக்கப் பதிவு)

2007-ல் சென்னையில் ஒரு டொமைன் பதிவு நிறுவனத்தின் உதவி மையத்தில் சேர்ந்தேன். படித்தது வேதியியல். என்ன வேலை என்று கேட்ட பெரியம்மாவிடம், "இன்டர்நெட்ல பேரு பதிஞ்சு கொடுக்கறது பெரியம்மா, பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரி" என்றேன். "அப்போ வில்லங்கமும் வருமே" என்றார். முதல் மாதமே வந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பட்டுக்கடைக்காரர் அழைத்தார். கடையின் இணையதளம் திறக்கவில்லை, அதோடு இருந்த மின்னஞ்சலும் நின்றுபோய்விட்டது. பெயர் காலாவதியாகி, நீக்கப்பட்டு, மீட்பு நாட்களில் கிடந்தது. டாட் காம் பெயர் நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு. அது முடிந்தால் 5 நாள் காத்திருப்பு. அப்புறம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் அழைத்தபோது மீட்புக்கு நான்கே நாள் பாக்கி.

"பெயர் யார் பேரில் இருக்கு ஐயா?"

"கடை பேரும்மா. அப்போ என் பேர்தானே."

பதிவேட்டில் இருந்ததோ தளம் செய்து கொடுத்த பையனின் பெயரும் அவனுடைய மின்னஞ்சலும். புதுப்பிக்கச் சொல்லி நாங்கள் அனுப்பிய கடிதமெல்லாம் அவனுக்கே போயிருக்கிறது. பையன் துபாய் போய்விட்டான். 'ஹூஇஸ்' பதிவில் ஒரு வீட்டுத் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தேன். அவன் அம்மா எடுத்தார். அன்று ராத்திரியே பையன் எங்களுக்கு எழுதினான், மூன்றாம் நாள் கடைக்குப் பெயர் திரும்பியது. தீபாவளிக்கு அந்தப் பெரியவர் ஒரு பெட்டி இனிப்பு அனுப்பினார்.

ஹூஇஸ் என்பது யாரும் திறந்து பார்க்கக்கூடிய பதிவேடு. ஒரு பெயரைத் தட்டினால் அதன் உரிமையாளர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் வரும். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, இரவுப் பணியில் இருந்த மூத்த அக்கா ஒருவர் சொல்லித்தான் எலிசபெத் ஃபைன்லர் பெயரை முதல்முறை கேட்டேன். எல்லோரும் அவரை 'ஜேக்' என்பார்களாம். அவரும் வேதியியல் பக்கம் இருந்து வந்தவர்தான், உயிர்வேதியியல் படித்தவர். கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் உள்ள ஆய்வு நிறுவனத்தில் இருந்த அவரை, 1972-ல் இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் பொது விளக்கக்காட்சிக்காக ஒரு கையேடு தயாரிக்க அங்கேயே இருந்த கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். எந்த ஊரில் எந்தக் கணினி, யாரைக் கேட்பது என்று திரட்டுவதுதான் வேலை. அப்புறம் 1989 வரை அந்த வலையமைப்பின் தகவல் மையத்தை நடத்தினார்.

கணினிகளின் பெயரெல்லாம் அப்போது ஒரே ஒரு கோப்பில்தான். புதுக் கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் அந்த அலுவலகத்தைத்தான் கேட்கவேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள், மற்ற ஊர்க்காரர்கள் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். 1982-ல் ஹூஇஸ் முதன்முதலாக ஆவணமாக வந்தது அவருடைய குழுவிலிருந்து. டாட் காம், டாட் எடு, டாட் கவ் என்று வகை பிரித்த பேச்சுகளிலும் அந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. 1984-ல் அந்த வகைகளை வரையறுத்து வந்த ஆவணத்தில் இணைய முன்னோடி ஜான் போஸ்டலோடு கையெழுத்துப் போட்டவரும் ஒரு பெண்தான், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ். இணையத்தை ஆண்கள் கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பெயர்ப் பதிவேடு முழுக்கப் பெண்களின் கை பட்டது.

காஞ்சிபுரத்துக் கடையைக் காப்பாற்றிய அதே பதிவேடுதான் 2011-ல் வேறொரு பெண்ணை அழவைத்தது. சமையல் வலைப்பதிவு வைத்திருந்தவர். பதிவு செய்யும்போது கேட்ட எல்லாக் கட்டத்தையும் நேர்மையாக நிரப்பியிருந்தார். முன்பின் தெரியாத ஒருவன் அந்த எண்ணுக்கு இரவில் பேச ஆரம்பித்து, ஒருநாள் அவர் தெருப் பெயரையும் சொல்லியிருக்கிறான். "என் வீட்டு முகவரியை ஏன் ஊருக்கே காட்டுறீங்க?" என்று கேட்டார். விதி அப்படி என்று சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி. சொன்னேன். போனை வைத்த பிறகு அந்த விதியை எழுதியது யார் என்று தேட ஆரம்பித்தேன். கொள்கைப் பக்கம் நான் வந்தது அப்படித்தான். உதவி மையத்தில் நாலு வருடம் காது கொடுத்துக் கேட்டது எந்தப் பட்டத்தையும்விட அங்கே எனக்கு உதவியது.

2016 நவம்பரில், உலக அளவில் டொமைன் பெயர் விதிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் 57-வது கூட்டம் ஹைதராபாத்தில் நடந்தது. பெயர் அமைப்பின் மேல் அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை அக்டோபர் 1-ம் தேதிதான் முடிந்திருந்தது. எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். பொது அமர்வில் யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கி முன்னால் நின்று பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம், திரையில் கடிகாரம் ஓடும். எனக்கு முன்னால் கோட் போட்ட வக்கீல்கள். என் கையில் இருந்த காகிதம் வியர்வையில் நனைந்து, எழுதியது பாதி அழிந்துவிட்டது. சமையல் பதிவுக்காரரின் பெயரைச் சொல்லாமல் அவர் கதையை மட்டும் சொன்னேன். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. உட்காரப் போகும்போது ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து, அவர்கள் ஊரிலும் இதே கதைதான் என்றார்.

கூட்டம் நடந்த நாட்களிலேயே, 8-ம் தேதி ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அந்த ஆப்பிரிக்க அக்கா கையில் முழுக்க 500 ரூபாய்த் தாள். என்னிடம் இருந்த நூறுகளைப் பங்கு போட்டு ஆட்டோவுக்குக் கொடுத்தோம். இன்றும் வருடம் தவறாமல் எழுதுவார்.

பிறகு 2018 மே 25 அன்று ஐரோப்பாவின் தனிநபர் தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் டாட் காம் போன்றவற்றின் ஹூஇஸில் தனிநபர் விவரங்களை மறைத்தார்கள். என் ஒன்றரை நிமிடப் பேச்சால் அது நடக்கவில்லை, சட்டத்தின் அபராதத்துக்குப் பயந்து நடந்தது. ஆனாலும் அன்று மாலை பழைய பெயர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். முகவரி இருந்த இடமெல்லாம் மறைக்கப்பட்டது என்றே வந்தது. அழுதுவிட்டேன்.

உங்களுக்கும் இந்தத் துறையில் நேர்ந்தது, பழகியவர்கள் பற்றிய நினைவு இருந்தால் எழுதுங்கள்.

கொழும்பு வாசகன்

அக்கா, வாசிச்சு முடிய மனசு கனத்துப்போச்சு. எங்கட பக்கத்துக் கதை ஒன்று. 'டாட் இலங்கை' என்று தமிழில் முடியும் முகவரி 2010-ல் கிடைத்தபோது நான் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை. தமிழிலேயே முழு முகவரியும் எழுதலாம் என்று அறிந்து எங்கட முதலாளிக்குப் பதிந்து கொடுத்தேன். அவருக்கு நல்ல சந்தோசம். ஆனால் மின்னஞ்சல் அனுப்பினால் பாதி இடங்களில் பிழையான முகவரி என்று திரும்பி வரும். வங்கிப் படிவம் ஏற்காது.

அப்போது ஒரு பயிற்சிப் பட்டறையில் பாடம் எடுத்த ஒரு அக்காவிடம் போய்க் கதைத்தேன். அவர் பலகையில் 'ஔவை' என்று இரண்டு தரம் எழுதினார். ஒன்றில் ஔ ஒரே எழுத்து. மற்றதில் ஒ, பக்கத்தில் ள. எங்களில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "கணினிக்கு இது இரண்டும் வேற வேற பெயர். ஒன்றை நீங்கள் வாங்க, மற்றதை மோசடிக்காரன் வாங்கினால்?" என்று கேட்டார். அதற்காகத்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் விதி எழுத இருந்து யோசிக்கிறோம் என்றார். இலக்கணம் படித்த ஆட்களுக்கு இணையத்தில் இவ்வளவு வேலை இருக்கென்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்

மயிலைவாசி அம்மா, மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மோசடித் தடுப்புப் பிரிவில் இருந்தவன் நான். வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் வைப்பார்கள். முன்பெல்லாம் ஹூஇஸில் கிடைக்கும் மின்னஞ்சலை வைத்து, அதே ஆள் பதிந்த மற்ற பெயர்களையும் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவோம். 2018-க்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கவேண்டி வந்தது. பணத்தை இழந்தவர்களிலும் நிறையப் பேர் பெண்கள்தான், ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியைகள்.

மயிலைவாசி

ஐயா, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அதை நான் மறுக்கமாட்டேன். பட்டுக்கடைக்காரருக்குப் பெயர் திரும்பியதும் திறந்த பதிவேட்டால்தானே. காவல் துறைக்கும் உங்களைப் போன்றவர்களுக்கும் சீக்கிரம் திறக்கவேண்டும், ராத்திரி போன் செய்கிறவனுக்குத் திறக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே விதியில் எழுதுவதற்குத்தான் இத்தனை வருடமாகக் கூட்டம் போடுகிறோம். 2025 ஜனவரியோடு டாட் காம் மாதிரியான பெயர்களுக்கு ஹூஇஸ் நடத்தும் கட்டாயமும் போய்விட்டது. அதன் இடத்தில் வந்திருக்கும் ஆர்டாப் (RDAP) என்ற புது முறையில், கேட்பவர் யார் என்று பார்த்து அதற்கேற்ற அளவு விவரம் தரும் வசதி இருக்கிறது. வசதி இருக்கிறது, யாருக்கு எவ்வளவு என்பதில்தான் இன்னும் இழுபறி. உங்களைப் போன்றவர்கள் வந்து பேசினால் நல்லது, நிஜமாகவே சொல்கிறேன்.

திருச்சி மாணவி

அக்கா, நான் சட்டம் மூன்றாம் வருடம். அந்த மாதிரிக் கூட்டத்துக்கு எங்களைப் போன்றவர்கள் போக முடியுமா? செலவுக்கு வழியில்லை. வீட்டில் தனியாக அனுப்பவும் யோசிப்பார்கள்.

மயிலைவாசி

முடியும்மா. மாணவர்களுக்கு நெக்ஸ்ட்ஜென் என்று ஒரு திட்டம், மற்றவர்களுக்கு ஃபெல்லோஷிப். தேர்வானால் பயணம், தங்குமிடம் எல்லாம் ஐகானே பார்த்துக்கொள்ளும். உன் பகுதியில் எந்தக் கூட்டத்துக்கு எப்போது விண்ணப்பம் என்பதை அவர்கள் தளத்தில் பார். நேரில் போக முடியாவிட்டால் வீட்டிலிருந்தே இணையவழியில் கலந்துகொள்ளலாம், காசு கிடையாது. வீட்டில் பயந்தால், 2017-லிருந்து கூட்டங்களுக்கென்றே துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை இருக்கிறது என்று சொல். அதைக் கேட்டு வாங்கியதும் முந்தைய வருடம் பெண்கள் எழுப்பிய குரல்தான். அம்மாவிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன்.

விண்ணப்பத்தில் ஏன் வர விரும்புகிறாய் என்று கேட்பார்கள். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், உன் ஊரில் நீ பார்த்ததை எழுது. அனுப்புமுன் எனக்கு ஒருமுறை காட்டு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.