மண்டையோட்டு எக்ஸ்-ரேயில் ஆண், பெண் கணிப்பு: மாஸ்டாய்டு அளவைத் திருத்துவது எப்படி?

வணக்கம். வளர்ந்தோரின் பக்கவாட்டுச் செஃபலோகிராமில் (தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் அளவீட்டு எக்ஸ்-ரே) மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னுள்ள எலும்பு முனைப்பு) உயரம், கிளாபெல்லா (புருவங்களுக்கு இடையிலான எலும்புப் பகுதி) புடைப்பு, நெற்றி சைனஸின் (நெற்றி எலும்புக்குள் உள்ள காற்றறை) உயரம், ஆழம் ஆகியவற்றை அளந்து பாலினம் கணிக்கிறோம். சிக்கல் மாஸ்டாய்டில்தான்.

எக்ஸ்-ரே குழாயிலிருந்து தலையின் நடுத்தளம் (இட, வல பாதிகளைப் பிரிக்கும் தளம்) 152.4 செ.மீ., அங்கிருந்து ஃபிலிம் 15 செ.மீ. நடுக்கோட்டில் இருக்கும் கிளாபெல்லாவுக்கு உருப்பெருக்கம் சுமார் 10%. அதைத் திருத்துவது எளிது. மாஸ்டாய்டுகளோ நடுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. விலகியவை. ஃபிலிம் பக்கத்தது சுமார் 6%, எதிர்ப்பக்கத்தது 14% பெரிதாகிறது. தலை கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு நிழல்களும் பிரிந்துவிடும். ஆண், பெண் சராசரிகளுக்கிடையே சில மி.மீ. வித்தியாசமே இருப்பதால், இந்தப் பிழை ஒன்றே முடிவைப் புரட்டிவிடும்.

ஃபிலிம் பக்க நிழலை மட்டும் அளக்கிறீர்களா, இரண்டின் சராசரியா? உலர் மண்டையோட்டின் இரு மாஸ்டாய்டு முனைகளிலும் எஃகுக் குண்டு ஒட்டிச் சரிபார்த்தவர்கள், குண்டின் விட்டத்தையும் கிடைத்த திருத்தக் காரணியையும் தயவுசெய்து பகிருங்கள். வேறு மக்கள்தொகைக்கான சூத்திரங்கள் வேண்டாம். அவற்றின் வெட்டுப்புள்ளி (ஆணா பெண்ணா எனப் பிரிக்கும் எல்லை அளவு) இங்கே பொருந்தாது.