மறு: லெகசி சாஃப்ட்வேர் மாடர்னைசேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எழுதியவர் போனபின்னும் ஒரு தொழில் நம்பி நிற்கும் மென்பொருளை ஆங்கிலத்தில் 'லெகசி சாஃப்ட்வேர்' என்கிறார்கள். அதையும், அதை இன்றைய நிலைக்குக் கொண்டுவரும் 'மாடர்னைசேஷன்' என்பதையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டதற்கு இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். 'மரபு மென்பொருள் நவீனமயமாக்கல்' என்பதற்கே ஆதரவு கூடிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுபவன். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஆலைகள் சிலவற்றில் இன்னும் பாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய நிரல்தான் ஓடுகிறது. கறுப்புத் திரை, பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பதில் வராது. திருத்தக்கூடிய மூலநிரலும் (சோர்ஸ் கோட்) இருக்காது, ஓடுகிற கோப்பு மட்டும் இருக்கும். ஆனால் மரவள்ளிக் கிழங்கு லோடு வந்து எடைமேடையில் ஏறியதும், மாவுச்சத்து அளவைக் காட்டும் பாயின்ட்டைப் பார்த்து, பாயின்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன்னுக்கு விலை போட்டு, மண்ணுக்குக் கழித்து, முன்பணத்தை நேர்செய்து, விவசாயி கையில் சீட்டு கொடுப்பது அந்த நிரல்தான். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். அதனால் சீசனில் எடைமேடையை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது.

இதை 'மரபு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரபு என்றால் போற்றிக் காக்க வேண்டியது. மரபுக் கவிதை, மரபுக் கட்டடம், மரபு நெல் என்று எதைச் சொன்னாலும் அதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. மேலும் பொருள்நோக்கு நிரலாக்கம் (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) என்ற நிரல் எழுதும் முறையில் 'மரபுரிமை' ஏற்கெனவே 'இன்ஹெரிட்டன்ஸ்' என்ற வேறு பொருளில் புழங்குகிறது. இரண்டும் ஒரே பாடப்புத்தகத்தில் வந்தால் மாணவர் குழம்புவார்.

'பழைய மென்பொருள்', 'தொல்மென்பொருள்' என்பவையும் சரிப்படாது. வயது இங்கே சிக்கலே இல்லை. நான்கு வருடம் முன்பு எழுதியதாக இருந்தாலும், எழுதியவர் வேலையை விட்டுப் போய், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாவிட்டால் அதுவும் இந்த வகைதான். இருபது வருடப் பழைய நிரலுக்கு மூலமும் ஆவணமும் தெரிந்த ஆளும் இருந்தால் அதைத் தொட யாரும் பயப்பட மாட்டார்கள். விட்டுப்போனவர் ஒருவர், அதை நம்பி நிற்பவர் வேறொருவர் என்ற நிலைமைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

நம் குழுவின் மதுரை ஐயா 'எச்ச மென்பொருள்' என்று எழுதியிருந்தார். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்ற 114ஆவது குறளை எடுத்துக்காட்டியது மிகப் பொருத்தம். விட்டுச்சென்றது என்ற பொருள் அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் இன்று எச்சம் என்றதும் ஜனங்களுக்குப் பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும். ஆலை முதலாளியிடம் 'உங்கள் எச்ச மென்பொருள்' என்று நான் எப்படிச் சொல்வேன்?

அதே வேரில் இருந்து எடுத்து, 'எஞ்சு மென்பொருள்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலமும் அதற்குள் அடங்கும். எழுதியவர் போனபின் எஞ்சியது, இன்று எஞ்சி நிற்பது, மாற்றினாலும் ஏதோ ஒரு மூலையில் எஞ்சப்போவது. மென்பொருள் மட்டுமல்லாமல் முழு அமைப்பையும் குறிக்க 'எஞ்சமைப்பு' என்று புணரும்.

அடுத்தது மாடர்னைசேஷன். 'நவீனமயமாக்கல்' நீளம் என்பதற்காக மட்டும் நான் எதிர்க்கவில்லை. அது புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதை மட்டும் பேசுகிறது. இருப்பதில் எதைக் காப்பாற்றிக் கொண்டுபோவது என்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. 'புதுப்பித்தல்' அப்டேட்டுக்கும் லைசென்ஸ் ரினியூவலுக்கும் போய்விட்டது. 'மறுசீரமைப்பு' நிரலின் உள்ளமைப்பை மட்டும் திருத்துவதற்கு வழங்குகிறது. 'புத்தாக்கம்' இன்னோவேஷனுக்கு. மிஞ்சுவது 'புதுக்கு' என்ற பழைய வினை. இருப்பதைச் சீர்செய்து மறுபடி புதிதாக்குவது என்பது அதன் பொருள். பெருக்கு பெருக்கம், சுருக்கு சுருக்கம், நீக்கு நீக்கம் என்ற அதே வழியில் புதுக்கு, புதுக்கம். ஆக, 'எஞ்சு மென்பொருள் புதுக்கம்'.

புதுக்கத்தை எப்படிச் செய்வது என்பதிலும் சொல் வேண்டும். பழைய நிரலைச் சுற்றிப் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து, அதன் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. மென்பொருள் நூலாசிரியர் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் 'ஸ்ட்ராங்லர்' (நெரிப்பது) என்று பெயர் வைத்த அந்த முறையைப் பற்றி இங்கே கேட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காட்டில் வேறு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரை மண்வரை இறக்கி, அந்த மரத்தைச் சூழ்ந்துகொள்ளும் அத்தி இனத்தைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது. ஒரு நண்பர் 'புல்லுருவி முறை' என்றார். அது தவறு. புல்லுருவி தாங்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. இந்த அத்தி உறிஞ்சுவதில்லை, தன் வேரால் தானே பிழைக்கிறது. 'நெரிப்பு அத்தி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கவும் தேவையில்லை, ஏனென்றால் நம் ஊரிலேயே இருக்கிறது: பனையைச் சூழ்ந்த ஆல். பறவை போட்ட விதை பனைமட்டை இடுக்கில் முளைத்து, விழுது இறங்கி, பனை உள்ளே போய்விடும். பனை மற்ற மரங்கள்போல ஆண்டுதோறும் பருப்பதில்லை என்பதால் இறுக்கம் அதை உடனே கொல்லாது. ஆலுக்கு மேலே பனந்தலை நெடுநாள் தெரியும்.

இந்த முறைதான் இங்கே தானாக நடந்துகொண்டிருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. விலைப்பட்டியலை அரசுத் தளத்தில் பதிவுசெய்யும் மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு வந்து, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. பாக்ஸ்புரோவால் அரசுத் தளத்தோடு பேச முடியாது. அந்த வரிசையின் கடைசிப் பதிப்பு வந்ததே 2004இல், அதற்கான ஆதரவும் 2015 ஜனவரியில் நின்றுவிட்டது. எனவே பாக்ஸ்புரோ தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்புகளைப் படித்து விலைப்பட்டியலை மட்டும் அனுப்பும் சிறு நிரலை வெளியே வைத்தோம். பிறகு இருப்புக் கணக்கு வெளியே வந்தது, பிறகு வங்கிக் கணக்கு. கிழங்குக் கொள்முதல் மட்டும் உள்ளேயே நிற்கிறது. இதற்கு 'சூழ்புதுக்கம்' என்று பெயர் வைக்கலாம். இதுவும் வினைத்தொகைதான்.

எதிர்முறைக்கு, அதாவது ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவதற்கு, 'ஒருநாள் மாற்று' போதும். ஆங்கிலத்தில் இதை 'பிக் பேங்' என்பதால் 'பெருவெடிப்பு' என்று வைக்க வேண்டாம், அது வானியலுக்கு உரியது. ஒருநாள் மாற்று எவ்வளவு ஆபத்து என்பதற்கு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சாட்சி. 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரு வாரக்கடைசியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்குக் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பழைய கோப்புகளில் விவசாயிகள் பெயர் ஏதோ ஒரு பழைய எழுத்துருவின் குறியாக்கத்தில், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையில், கிடக்கிறது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கத் தரங்களை வகுத்தும் ஆளுக்கொரு எழுத்துரு ஓடிக்கொண்டுதான் இருந்தது. எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடை அரசு ஏற்றது 2010இல். அந்தப் பழைய குறியாக்கங்களில் 'பெரியசாமி'யின் ஒற்றைக்கொம்பு முதலிலும் பகரம் அடுத்தும் நிற்கும், யூனிகோடில் மெய் முன்னே, குறி பின்னே. இதைக் கவனிக்காமல் பெயர்த்தால் அகரவரிசை குலையும், தேடினால் ஆள் அகப்பட மாட்டார், ஒருவருடைய முன்பணம் இன்னொருவர் கணக்கில் ஏறும். புதுக்கம் என்ற சொல்லின் விளக்கத்தில் தரவுப் பெயர்ப்பும் (பழைய தரவைப் புதிய அமைப்புக்குக் கொண்டுபோவதும்) கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– அஸ்தம்பட்டி, சேலம்

*

வணக்கம் அண்ணா. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஒன்றில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) பார்க்கிறேன்.

'புதுக்கம்' நன்றாக இருக்கிறதுங்க. 'எஞ்சு' மட்டும் உறுத்துகிறது. எஞ்சியது என்றால் மிச்சம் மீதி, தேவைக்கு மேல் கிடப்பது என்றுதானே தோன்றுகிறது? எங்கள் சம்பள நிரல் மிச்சம் இல்லை. அது நின்றால் சனிக்கிழமை கூலி நின்றுவிடும்.

இன்னொன்று. எங்கள் நிரலில் பழம் பறிக்கும் எடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மழை நாளில் ஒரு கணக்கு, அறுவடை முடியும் சமயத்தில் வேறு கணக்கு. அது எந்த நோட்டிலும் இல்லை, நிரலுக்குள் மட்டும்தான் இருக்கிறது. புதிய நிரல் எழுத வந்தவர்கள் எங்களிடம் கேட்டார்கள், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படி உள்ளே புதைந்த விதிக்கும் ஒரு பெயர் வேண்டும் அண்ணா. அப்புறம், பழையதும் புதியதும் ஒன்றாக ஓடுகிற காலத்துக்கும்.

*

வணக்கம் சகோதரி. நீங்கள் சொல்கிற உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் 'போரில் எஞ்சியவர்' என்று சொல்லும்போது நாம் மிச்சத்தைச் சொல்வதில்லை, தாக்குப்பிடித்தவரைச் சொல்கிறோம். அந்தப் பொருளை விளக்கக் குறிப்பில் முதல் வரியாக எழுதிவிடலாம்.

புதைந்த விதிக்கு 'உறைவிதி'. நிரலுக்குள் உறைவதும் அதுதான், இறுகிப்போனதும் அதுதான். இரண்டும் ஒன்றாக ஓடுவதற்கு 'இணையோட்டம்'. உங்கள் மழைக் கணக்கை வெளியே எடுக்க இணையோட்டத்தை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. பறிப்புக் காலம் முழுக்க இரண்டிலும் ஏற்றுங்கள். கூலி எந்த வரியில் வேறுபடுகிறதோ அங்கே ஓர் உறைவிதி இருக்கிறது, அல்லது பெயர்ப்பில் பிழை இருக்கிறது. இரண்டில் எது என்று முடிவாகும்வரை பழைய நிரல் காட்டும் தொகையையே கொடுங்கள். யாருக்கும் கூலி குறையக் கூடாது.

மதுரை ஐயாவும் ஒப்புக்கொண்டால் எஞ்சு மென்பொருள், புதுக்கம், சூழ்புதுக்கம், ஒருநாள் மாற்று, உறைவிதி, இணையோட்டம் ஆகிய ஆறையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம். 'எஞ்சு'வுக்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.