பதிவேட்டுவழித் தொகைமதிப்பு: சொல் முடிவுக்கு முன் சில கருத்துகள்

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடு வீடாகப் போகாமல், அரசு அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைக் கொண்டே மக்கள்தொகையைக் கணிக்கும் முறைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்று இந்த இழை ஓடிக்கொண்டிருக்கிறது. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

> "நிர்வாகப் பதிவுவழி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு" என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. கணக்கெடுப்பு என்றதும் நம் ஊரில் யாருக்கும் நினைவுக்கு வருவது, பள்ளி ஆசிரியர் ஒருவர் படிவத்தோடு வாசலில் நின்று "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்பது. இந்த முறையில் அந்த வாசல் காட்சியே கிடையாது. டென்மார்க் 1968-இல் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் கொடுத்து ஒரு மையப் பதிவேட்டைத் தொடங்கியது. படிவம் கொடுத்து எண்ணியது 1970-இல்தான் கடைசி. 1981-இல் அந்த எண்ணை வைத்து ஆள், வேலை, வருமானம், வீடு பற்றிய பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்தியே முழு வேலையையும் முடித்துவிட்டார்கள். உலகில் ஒரு நாடு முழுக்க முழுக்க இப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. 1990-இல் பின்லாந்தும் இந்த வழிக்கு வந்தது. யாரும் எங்கும் போய் எதையும் 'எடுக்கவில்லை'.

ஆகவே 'எடுப்பு' வேண்டாம் என்பேன். இதற்குப் புதிதாகச் சொல் தேடவும் தேவையில்லை. இலங்கையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கே தொகைமதிப்பு என்று அழகான சொல் இருக்கிறது. இந்த வேலையைச் செய்யும் திணைக்களத்தின் பெயரிலேயே இருக்கிறது. நேரில் போய் எண்ணினாலும், ஏட்டைப் பார்த்து எண்ணினாலும் தொகைமதிப்பு தொகைமதிப்புதான். தமிழ்நாட்டு வாசகருக்கு முதல் தடவை கொஞ்சம் புதிதாக இருக்கும், இரண்டாவது பத்தியில் பழகிவிடும். பதிவேட்டுவழித் தொகைமதிப்பு என்பதே என் பரிந்துரை.

> பதிவு, பதிவேடு இரண்டும் ஒன்றுதானே? ஏன் இரண்டு?

இதில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒருவரின் பிறப்பை அலுவலர் எழுதிக்கொள்வது பதிவு. நாட்டில் உள்ள எல்லாரையும் ஆளுக்கொரு அடையாளத்தோடு, வரவும் போக்கும் உடனுக்குடன் திருத்தப்பட வைத்திருப்பது பதிவேடு. பதிவுகள் மலையாகக் குவிந்திருந்தாலும் பதிவேடு இல்லாமல் போகலாம்.

ஸ்வீடன் இதற்கு நல்ல சாட்சி. அங்கே 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே தேவாலயங்கள் ஊர்மக்களைப் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கின்றன. 1749-இலேயே அதை வைத்து நாட்டுப் புள்ளிவிவரம் தொகுக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட நாடு 1990-இல் படிவம் கொடுத்து எண்ணிய பிறகு, அடுத்த தொகைமதிப்பை 2011-இல்தான் நடத்த முடிந்தது. ஆள் பதிவேடு இருந்தது, குடியிருப்புப் பதிவேடு இல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இன்னின்னார் இருக்கிறார்கள் என்று தெரியும், யார் எந்தக் கதவுக்குப் பின்னால் என்று தெரியாது. அது தெரியாமல் யார் யார் சேர்ந்து ஒரு குடும்பம் என்று சொல்ல முடியாதே! அப்புறம் ஒவ்வொரு குடியிருப்புக்கும் நான்கு இலக்க எண் கொடுத்தார்கள். 1102 என்றால் 11 நுழைவுத் தளத்துக்கு மேல் முதல் மாடி, 02 அந்த மாடியில் இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது குடியிருப்பு. ஆட்களை அந்த எண்களோடு இணைத்த பிறகே பதிவேட்டுவழித் தொகைமதிப்பு கைகூடியது.

அடுத்து, 'நிர்வாகப் பதிவு'. இது தவறில்லை, வழக்கிலும் இருக்கிறது. ஆனால் நிர்வாகத்தைப் பற்றிய பதிவு, அதாவது அலுவலக விடுப்பு, இடமாற்றம் போன்றவை என்றும் படிக்க இடம் கொடுக்கிறது. நாம் சொல்ல வருவது வேறு: வரி வாங்க, அரிசி கொடுக்க, உரிமம் வழங்க என்று வேறு ஒரு அலுவலுக்காக எழுதப்பட்டு, பின்னால் புள்ளிவிவரத்துக்குப் பயன்படும் பதிவு. அலுவல்வழிப் பதிவு என்றால் அந்தப் பிறப்பிடம் சொல்லிலேயே தெரியும்.

அது தெரிய வேண்டியது ஏன் முக்கியம் என்றால், எதற்காக எழுதப்பட்டதோ அதற்கேற்ற பிழைகள் அந்தப் பதிவில் இருக்கும். நம் குடும்ப அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரைப் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க வேண்டுமானால் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கியாக வேண்டும், அதனால் நீக்குகிறோம். பெங்களூரில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட மகன் பெயரை நீக்க எந்த அவசரமும் இல்லை. அட்டைக்கு அது பெரிய குறையில்லை. மக்கள்தொகைக்குக் குறை.

பெரிய அளவில் இது ஜெர்மனியில் நடந்தது. 2011-இல் உள்ளாட்சிகளின் குடியிருப்புப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரை மட்டும் நேரில் விசாரித்துச் சரிபார்த்தார்கள். கிடைத்த தொகை சுமார் 8 கோடியே 2 லட்சம். அதுவரை சொல்லிவந்ததைவிட 15 லட்சம் குறைவு! அதில் ஏறத்தாழ 11 லட்சம் வெளிநாட்டினர். வரும்போது பதிந்துகொள்கிறார்கள், நாட்டை விட்டுப் போகும்போது சொல்லாமல் போய்விடுகிறார்கள், பெயர் மட்டும் ஏட்டில் நிற்கிறது. உள்ளாட்சிகளுக்கு வரும் நிதி தலைக்கணக்கைப் பார்த்தே பங்கிடப்படுவதால் இது வெறும் ஏட்டுப் பிழை இல்லை.

> இதெல்லாம் மக்களைக் கண்காணிக்கும் வேலை. சொல்லிலேயே அந்த எச்சரிக்கை வர வேண்டும்.

கவலை நியாயமானது. ஆனால் அதை இந்தச் சொல்லில் திணிக்க வேண்டாம், தனிச் சொல்லே தேவை. ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் 1983 டிசம்பரில் தந்த தீர்ப்பு இதில் அடிப்படையானது. புள்ளிவிவரத்துக்கென்று மக்களிடம் வாங்கிய விவரத்தைக் கொண்டு உள்ளாட்சிப் பதிவேட்டைத் திருத்தக் கூடாது என்றது அது. அலுவலகத்திலிருந்து புள்ளிவிவரத் துறைக்கு விவரம் போகலாம். அங்கிருந்து ஒரு தனி ஆளின் விவரம் அலுவலகத்துக்குத் திரும்பக் கூடாது. இதை ஒருவழிக் கொள்கை என்று எழுதலாம். நம் பட்டியலில் இதற்கு ஒரு சொல் இல்லாதது பெரிய குறை, உடனே சேர்க்க வேண்டும் என்று அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு ஏடுகளிலுள்ள ஒரே ஆளைக் கண்டுபிடித்துச் சேர்ப்பதற்குப் பதிவிணைப்பு என்று இந்த இழையில் வந்த முன்மொழிவு எனக்குச் சம்மதம்.

மீதி இருப்பது, ஊரில் இல்லாத ஆள் ஏட்டில் இருப்பதற்கும், ஊரில் இருக்கும் ஆள் ஏட்டில் இல்லாததற்கும் ஒரு சொல்லிணை. பின்னதற்கு விடுபாடு போதும். முன்னதற்கு மிகைச்சேர்ப்பு என்று எழுதிப் பார்த்தேன். யாரோ வேண்டுமென்றே சேர்த்ததுபோல் தொனிக்கிறது. சேர்த்தபோது சரியாக இருந்து, நீக்காமல் விட்டதால் தங்கிப்போனது என்ற பொருள் வர வேண்டும். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலகத்திலோ இலங்கையில் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலோ வேலை பார்த்தவர்கள் இங்கே யாரேனும் இருந்தால், இப்படிப்பட்ட பெயரை அங்கே பேச்சில் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள்.