பனி விழுந்த மலைக்காட்டுப் பாதையில் ஓடுவதற்குக் கடற்கரைக்காரர் எப்படித் தயாராவது?

கேள்வி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். வார நாட்களில் கடற்கரைச் சாலையிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரோவில் காட்டுக்குள் செம்மண் பாதையிலும் ஓடுவேன். ஆரோவில் மாரத்தானில் இரண்டு முறை அரை மாரத்தான் தூரத்தை முடித்திருக்கிறேன். என் அக்கா குடும்பம் சிம்லாவில் இருப்பதால், வரும் ஜனவரியில் பத்து நாட்கள் அங்கே தங்கப் போகிறேன். தேவதாரு மரங்களுக்கு இடையே ஜாக்கூ மலைக்கு ஏறும் பாதையில் ஓட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் அப்போது பாதையில் பனி விழுந்து கிடக்கலாம் என்று மாமா சொல்கிறார். எனக்குத் தெரிந்த பனி, மார்கழி விடியலில் தலைத்துண்டை நனைக்கும் பனிதான். வழக்கமான ஓட்டக் காலணி போதுமா? எவ்வளவு கனமாக உடுத்த வேண்டும்? இங்கிருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சி ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (கடலூர், மஞ்சக்குப்பம்)

தம்பி, வேலை நிமித்தமாக எட்டுக் குளிர்காலங்களைச் சிம்லாவில் கழித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சிம்லா நகரின் நடுவில் உள்ள ரிட்ஜ் மைதானம் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜாக்கூ உச்சி 2,455 மீட்டர். நீங்கள் ஏறப்போவது ஏறத்தாழ 250 மீட்டர், அதாவது நம் செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் ஏற்றம்தான். ஆகவே ஏற்றத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம்.

பனி ஒரே மாதிரி இருப்பதில்லை. புதிதாக விழுந்தது ரவை போல உதிரியாக இருக்கும். கால் புதையும், ஆனால் பெரிதாக வழுக்காது. வெயில் படும் சரிவில் பகலில் இளகியது இரவில் இறுகி, காலையில் மேலே ஓடு கட்டியிருக்கும். மிதித்ததும் அந்த ஓடு உடைந்து கணுக்கால் உள்ளே இறங்கிவிடும். இவை இரண்டையும்விட ஆபத்தானது, ஆட்கள் நடந்து நடந்து அழுத்திய பாதையிலும், மரக்கிளைகளிலிருந்து சொட்டிய நீர் உறைந்த நிழற்பகுதியிலும் படியும் கண்ணாடி போன்ற மெல்லிய பனிக்கட்டி. கீழே உள்ள கல்லின் நிறமே மேலே தெரிவதால், அது கிடப்பதே கண்ணுக்குப் படாது. வடக்கு நோக்கிய சரிவுகளில் பகல் முழுதும் அது உருகாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குச் சாதாரணக் காலணி போதாது. அடியில் ஆழமான பல் வைத்த, காட்டுப் பாதைக்கான டிரெயில் காலணியும், அதன்மேல் ரப்பர் வளையத்தோடு இழுத்து மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் என்ற எஃகு முட்களும் வேண்டும். ஈரப்பனியில் அந்த முட்களுக்கு இடையே பனி உருண்டையாக அடைத்துக்கொண்டால் பிடிமானம் போய்விடும். அவ்வப்போது காலைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். எட்டைக் குறுக்கி, பாதம் முழுதும் உடலுக்கு நேர் கீழே பதியும்படி வையுங்கள். இறங்கும்போது பயத்தில் உடல் தானாகவே பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் குதிகால் வழுக்கி இடுப்பில்தான் விழுவோம். முழங்காலைச் சற்று மடக்கி, உடலைச் சரிவின்மேல் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவருவது, முதலில் எவ்வளவு அச்சமாக இருந்தாலும், பாதுகாப்பானது.

பதில் (புதுச்சேரி, இலாசுப்பேட்டை)

சகோதரருக்கு, உடையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டது அதில்தான். மணாலிக்கு அருகே காட்டுப் பாதையில் முதன்முறையாக ஓடியபோது, குளிருக்குப் பயந்து பருத்திச் சட்டையின்மேல் கனமான ஜாக்கெட்டை அணிந்தேன். ஏற்றத்தில் பத்தே நிமிடத்தில் முதுகு தொப்பலாகிவிட்டது. மேலே படம் எடுக்க நின்ற ஐந்து நிமிடத்தில் அந்த ஈரம் என்னை நடுங்க வைத்தது. காலணிக் கயிற்றின் முடிச்சு உறைந்து கல்லாகியிருந்தது, மரத்த விரல்களால் அதை அவிழ்க்க முடியவில்லை, கடைசியில் கூட வந்த தோழிதான் வாயால் ஊதி ஊதி அவிழ்த்துவிட்டாள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை வெளியே கடத்திவிடும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே பருத்தி வேண்டவே வேண்டாம், காலுறை உட்பட. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், கையுறை, காதை மூடும் குல்லாய் ஆகியவை ஓடும்போது போதும். புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் அதிகமாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். நிற்கும்போது போட்டுக்கொள்ள ஓர் உலர்ந்த மேலாடையை நெகிழிப் பையில் சுற்றிப் பையில் வையுங்கள். குளிர்கண்ணாடியும் அவசியம், ஏனென்றால் புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தண்ணீர்க் குழாய் வைத்த பையில் குழாயே உறைந்துவிடுவதால், பாட்டிலை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சமதளத்தில் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுவேன். அங்கே எந்த வேகத்தை எதிர்பார்க்கலாம்? பயிற்சியைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில் (கடலூர், மஞ்சக்குப்பம்)

கைக்கடிகாரத்தில் வேகம் காட்டும் திரையை அணைத்துவிடுங்கள், தம்பி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு; பனியும் சேர்ந்தால் இங்கே 6 நிமிடம் ஆகும் தூரத்துக்கு அங்கே 12 நிமிடம் ஆனாலும் அது குறைவான ஓட்டமல்ல. வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு ஓடுங்கள். முடியாத இடத்தில் நடங்கள். முதல் இரண்டு நாட்கள் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. எங்கள் சில்வர் பீச்சில் அலை தொடாத உலர்ந்த மணலில் வாரம் ஒருநாள் அரைமணி நேரம் ஓடினால், உதிரிப் பனிக்குத் தேவையான கணுக்கால் வலுவும் குறுகிய எட்டும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஆரோவில் செம்மண் வழுக்கும்போது வீட்டில் இருந்துவிடாதீர்கள். இறக்கத்தில் மெதுவாக, முன்னால் சாய்ந்து இறங்கிப் பழக அதைவிட நல்ல தரை கிடைக்காது. மாதம் இருமுறை செஞ்சிக்குப் போய் ராஜகிரிப் படிகளை ஏறி இறங்குங்கள்.

இன்னொன்று, ஜனவரியில் அங்கே மாலை ஐந்தரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பகலில் இளகிய பாதை உடனே இறுகத் தொடங்கும். காலை பத்து மணிக்கு மேல் புறப்பட்டு மதியம் இரண்டுக்குள் திரும்பிவிடுங்கள், மாமாவையோ வேறு யாரையாவதோ கூட அழைத்துப் போங்கள். ஜாக்கூவில் குரங்குகள் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு ஓடிவிடும் என்பதால், உச்சியில் உள்ள கோயிலை நெருங்கும்போது அதை மட்டும் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.