தேளை டப்பா மாற்றும்போது கை நடுங்குகிறது

கேள்வி:
வளர்ப்பது நட்டுவாக்காலி என்ற பெரிய கருந்தேள். மண் மாற்றும்போது வேறு டப்பாவுக்கு எடுத்துவிட வேண்டும். ஃபோர்செப்ஸை (நீளமான இடுக்கி) கிட்டே கொண்டுபோனாலே கை நடுங்குகிறது, அதுவும் உடனே வாலைத் தூக்கிக்கொள்கிறது. வெறுங்கையில் எடுத்துப் பழகினால் பயம் தெளியுமா?

பதில் 1:
வெறுங்கை வேண்டவே வேண்டாம். நாய், கிளி மாதிரி தேள் ஆளோடு பழகாது. கையில் எடுத்தால் அதற்கு லாபமில்லை, நழுவி விழுந்தால் வயிறு கிழிந்து செத்தும் போகலாம்.

உங்க நடுக்கத்துக்கும் அந்த வாலுக்கும் தொடர்பு உண்டு. தேளுக்குப் பார்வை மந்தம். காற்றசைவைத் தன் முன்பக்கக் கிடுக்கியில் இருக்கும் நுண்மயிர்களாலும் தரை அதிர்வைக் கால்களாலும் அறியும். உங்க மூச்சு மேலே பட்டாலே சீறும். அதனால் முகத்தை நேர் மேலே நீட்டாதீங்க. முழங்கையை மேசையில் ஊன்றுங்க, நடுக்கம் நிறைய அடங்கும்.

உண்மையில் ஃபோர்செப்ஸே தேவையில்லை. டப்பாவை வழவழப்பான உயரமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைங்க. வாய் அகன்ற குவளையைத் தேளுக்கு முன்னால் படுக்கவைத்து, நீளக் காம்புள்ள பிரஷ்ஷால் பின்பக்கம் மெதுவா தொடுங்க. தானா உள்ளே நடக்கும். நிமிர்த்திட்டா வழவழப்பில் ஏற முடியாது. கண்ணாடித் தொட்டின்னா மூலையில் இருக்கும் சிலிக்கான் பூச்சில் ஏறிடும், கவனம். தப்பினாலும் தொட்டிக்குள்தான் என்று தெரிந்தாலே பதட்டம் குறையும்.

பதில் 2:
குவளை நுழையாத மூலையில் இருந்தால் ஃபோர்செப்ஸ் வேண்டியிருக்கும். 25–30 செ.மீ. நீளம், முனைகளில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கணும், வெறும் உலோகம் வாலை நசுக்கும். பிடிக்க வேண்டியது விஷப்பைக்கு அடுத்த கடைசிக் கணுவை. வால் நடுவில் பிடித்தால் நுனி வளைந்து திரும்ப இடம் கிடைக்கும், துள்ளும், பயத்தில் விட்டுடுவீங்க. தரையை விட்டு ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காதீங்க.

முதலில் ஈரப் பஞ்சுத் திரியைத் தண்ணீர் சொட்டாமல் எடுத்து வைத்துப் பழகுங்க. அழுத்தம் கைக்குப் பிடிபடும்.

தோல் உரித்த புதுசிலும் முதுகில் குஞ்சுகள் இருக்கும்போதும் தொடவே கூடாது. விளக்கை அணைத்து புற ஊதா டார்ச் அடித்தால் தேள் எங்கே பதுங்கியிருக்குன்னு பச்சையா மின்னும். புதுத்தோல் அவ்வளவா மின்னாது.

கேட்டவர்:
நன்றி. கிடுக்கி மெலிந்து வால் தடித்த வகைக்கும் இதே முறைதானா?

பதில் 3:
முறை இதுதான், ஆனா கை நடுங்குற நிலையில் அந்தப் பக்கம் போகாதீங்க. மெலிந்த கிடுக்கி, தடித்த வால் என்றால் விஷம் கடுமையா இருக்க வாய்ப்பு அதிகம். இது குத்துமதிப்பான கணக்குதான், வகையை உறுதி செய்யாமல் நம்பாதீங்க. செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும், குழந்தைகள் உயிருக்கே ஆபத்து.

எந்தத் தேள் கொட்டினாலும் மோதிரத்தைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, குளிர் ஒத்தடம் கொடுங்க. கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது கூடாது. வாந்தி, கொட்டும் வியர்வை, படபடப்பு, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. செந்தேள் என்றாலோ கொட்டுப்பட்டது குழந்தை என்றாலோ அறிகுறிக்கே காத்திருக்காதீங்க. செந்தேள் விஷத்துக்கு மருத்துவர்கள் தரும் பிராசோசின் மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் நல்ல பலன். டப்பா மேல் வகையின் பெயரை எழுதி ஒட்டிவைங்க, மருத்துவருக்கு உதவும்.