தொழில்நுட்ப எழுத்து வகுப்பின் இறுதிக் கட்டுரை: வளர்ச்சி என்று எதைக் காட்டுவது?

கேள்வி: வாய்க்கால்மேடு

வணக்கம். கோவை அருகே ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். இந்தப் பருவத்தில் தமிழிலேயே நடத்தப்பட்ட தொழில்நுட்ப எழுத்து வகுப்பில் 15 வாரங்களாக எழுதிய அனைத்தையும் ஒரே கோப்பாகத் தொகுத்து, அதன் முகப்பில் ‘எழுதுபவராக நான் அடைந்த வளர்ச்சி’ என்று இரண்டு பக்கக் கட்டுரை வைத்து ஒப்படைக்க வேண்டும். அந்த இரண்டு பக்கத்தில்தான் சிக்கிக்கொண்டேன்.

முதல் வாரத்தில் ஆசிரியர் சுழித்த ஒற்றுப் பிழைகள் கடைசி வாரத் தாளிலும் இருக்கின்றன. மதிப்பெண்ணும் 20-க்கு 12, 13 என்ற அளவைத் தாண்டவில்லை. வளர்ந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஆய்வகத்தின் மையவிலக்குப் பம்பை இயக்கும் முறை குறித்து எழுதிய இரண்டு வரைவுகளைப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள் எழுதியவை போலத் தோன்றவில்லை.

2-ஆம் வாரம்: “நீரின்றி அமையாது உலகு என்பதற்கிணங்க, நீரை இறைக்கப் பயன்படும் பம்பு இன்றியமையாத ஒன்றாகும். டெலிவரி வால்வை மூடி, பம்பில் நீர் நிரப்பி, ஸ்டார்ட்டரை அழுத்தி, பம்பு வேகம் எடுத்தபின் வால்வைத் திறந்து அளவீடுகளை எடுக்கவும். பம்பினுள் காற்று இருந்தால் இயக்கக் கூடாது என்பது குறிப்பிடத்தக்கது.”

13-ஆம் வாரம்: “எச்சரிக்கை: நீர் நிரப்பாமல் பம்பை இயக்கக் கூடாது, சீல் கருகிவிடும். 1. டெலிவரி வால்வை முழுவதும் மூடவும். 2. காற்றுத் திருகைத் தளர்த்தவும். 3. குமிழி இல்லாமல் நீர் வழியும் வரை புனலில் நீர் ஊற்றவும். 4. திருகை இறுக்கவும். 5. பச்சைப் பொத்தானை அழுத்தவும்.”

இரண்டாவதைப் படித்த அறை நண்பர், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருக்கிறது என்றார். இது வளர்ச்சியா, தேய்வா?

பதில் 1: கையேட்டுக்காரர்

நான் பம்பு நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகளாகப் பயனர் கையேடு எழுதுகிறேன். உங்கள் நண்பரின் சொல்லை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

முதல் வரைவில் ‘மூடி, நிரப்பி, அழுத்தி, திறந்து’ என்று நான்கு வினையெச்சங்கள் ஒரே ‘எடுக்கவும்’ என்பதில் தொங்குகின்றன. படிப்பவர் ஒரு கையால் வால்வைப் பிடித்துக்கொண்டு மறு கையில் தாளை வைத்திருப்பவர். ஒரு செயலை முடித்துவிட்டுத் தாளுக்குத் திரும்பும்போது, விட்ட இடம் எதுவென்று அவருக்குத் தெரியாது. அதைவிட மோசமானது எச்சரிக்கை நின்ற இடம்: இயக்கச் சொல்லிவிட்டு, அதன்பின் இயக்கக் கூடாது என்கிறீர்கள். செய்யவிருக்கும் செயலுக்கு முன்பே எச்சரிக்கை வர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தமிழில் எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது என்பதால், நீண்ட வாக்கியத்தில் ‘கூடாது’ கண்ணில் படுவதற்குள் கை பொத்தானுக்குப் போய்விடும்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய ஆங்கில விதித்தொகுப்பு (ஏ.எஸ்.டி-எஸ்.டி.இ.100), செய்முறை வாக்கியம் 20 சொற்களையும் விவரிக்கும் வாக்கியம் 25 சொற்களையும் தாண்டக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. ‘நிரப்பிவிட்டீர்களென்றால்’ என்பதே நமக்கு ஒரு சொல். நான் சொற்களை எண்ணுவதில்லை, வினைகளை எண்ணுகிறேன். உங்கள் இரண்டு வரைவுகளிலும் வாக்கியத்துக்கு எத்தனை வினை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கட்டுரையில் எழுதுங்கள். கூச்சப்படாமல் சொல்லக்கூடிய வளர்ச்சி அது.

பதில் 2: பழைய விரிவுரையாளர்

தம்பி, முந்தைய பதிலோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். நன்னூல் பாயிரத்தில் வரும் பத்துக் குற்றங்களையே நான் விடைத்தாள் ஓரத்தில் குறிப்பாக எழுதி வந்தேன். பம்பு பற்றிய தாளில் குறளை இழுத்து வந்தது ‘மற்றொன்று விரித்தல்’. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடித்தது ‘வெற்றெனத் தொடுத்தல்’, அதாவது பொருளில்லாத சொற்களைக் கோப்பது. 13-ஆம் வாரத் தாளில் இந்த இரண்டும் இல்லை. பத்து அழகுகளுள் ஒன்றான ‘முறையின் வைப்பு’, அதாவது செய்திகளை உரிய வரிசையில் வைப்பது, வந்திருக்கிறது.

ஆனால் ஒற்றுப் பிழையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். ‘மூடித் திறந்தபின் நீர் ஊற்றவும்’ என்றால் ஒருமுறை மூடிவிட்டுத் திறக்க வேண்டும். ‘மூடி திறந்தபின் நீர் ஊற்றவும்’ என்றால் மூடி திறந்திருந்தால் போதும். ஓர் எழுத்தில் செயலே மாறிவிடுகிறது. இன்னும் சரியாகவில்லை என்று கட்டுரையில் ஒப்புக்கொள்வது குறையாகாது. எந்த வகைப் பிழை குறைந்தது, எது அப்படியே நிற்கிறது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கோப்பில் ஆய்வக அறிக்கையும் இருக்குமே, அதன் முடிவுரையை எடுத்துப் பாருங்கள். பிரஷர் கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் காட்டுகிறது, வேக்குவம் கேஜ் 300 மில்லிமீட்டர் பாதரசம் காட்டுகிறது என்றால், அந்த அழுத்தங்களை நீர்த்தூணின் உயரமாக மாற்றும்போது முன்னது 20 மீட்டர்; பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால் பின்னது 13.6-ஆல் பெருக்க 4.08 மீட்டர். இந்த மாற்றத்தைப் படிப்பவர் சரிபார்க்கும்படி எழுதியிருக்கிறீர்களா, அல்லது ‘சோதனை இனிதே நிறைவுற்றது’ என்று முடித்திருக்கிறீர்களா? என் அனுபவத்தில் மாணவரின் எழுத்து எங்கே நிற்கிறது என்பது அந்தக் கடைசி நான்கு வரிகளில் தெரிந்துவிடும்.

பதில் 3: மேட்டுப்பாதை

ஒரு கேள்வி மட்டும். 2-ஆம் வாரத்துக்கும் 13-ஆம் வாரத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? திடீரென்று யாரும் இப்படி மாறிவிடுவதில்லை.

வாய்க்கால்மேடு

6-ஆம் வாரத்தில் எங்கள் தாள்களை முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்து, நாங்கள் வாயைத் திறக்காமல் அருகில் நிற்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். என் தாளை வாங்கிய மாணவர் வால்வை மூடினார். ஒரு குவளை நீர் ஊற்றினார். நிரம்பியதா என்று பார்க்காமல் ஸ்டார்ட்டரை அழுத்தினார். பம்பு காற்றில் சுற்றும் ஓசையைக் கேட்டு ஆய்வக உதவியாளர் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தினார். எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும் என்று நான் எங்குமே எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் தோட்டத்தில் சிறுவயது முதல் பம்புக்கு நீர் ஊற்றிப் பழகியவன் என்பதால், குமிழி அடங்கும் வரை ஊற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று என்று நினைத்துவிட்டேன். அதன்பின் நான்கு வரைவுகள் எழுதினேன். காற்றுத் திருகு எது என்று காட்டும் படம் மூன்றாவது வரைவில்தான் வந்தது.

மேட்டுப்பாதை

கட்டுரையை அந்த ஓசையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வரைவுகளை மட்டும் வைக்காதீர்கள். நடுவில் எழுதிய நான்கையும் தேதியோடு வையுங்கள்.

வாய்க்கால்மேடு

நன்றி ஐயா, எல்லோருக்கும். முடிவுரையையும் எடுத்துப் பார்த்தேன். ‘இனிதே நிறைவுற்றது’ என்றுதான் இருக்கிறது, அதுவும் 12-ஆம் வாரத்தில். அதை மறைக்காமல் கோப்பில் அப்படியே வைக்கப் போகிறேன். மூன்றாவது வரைவை மட்டும் அந்த முதலாண்டு மாணவர் வைத்திருக்கிறார். நாளை விடுதிக்குப் போய் வாங்கி வர வேண்டும்.